ராணி ஆளாத தேன்கூடு

போன மாசி மாதம் எங்கள் வீட்டுச் சுவிட்ச் போர்டுக்குப் பக்கத்தில் ஒரு குளவி மண்கூடு கட்டத் தொடங்கியது. நான் துடைப்பத்தை எடுத்தேன். அம்மா விடவில்லை. "குளவி கூடு கட்டினா வீட்ல குழந்தை பொறக்கும், சும்மா விடு" என்றார். குழந்தை பெறுகிற வயதில் இந்த வீட்டில் யாரும் இல்லையே என்று நான் சொன்னது எடுபடவில்லை. சரி என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பார்க்க ஆரம்பித்தேன்.

ஒரு மிளகு அளவு ஈரமண் உருண்டையை வாயில் கவ்விக்கொண்டு வரும். சுவரில் வைத்து, முன்கால்களாலும் தாடையாலும் இழுத்து இழுத்து மெல்லிய விளிம்பாக்கும். போய் அடுத்த உருண்டை. இப்படியே ஒரு சின்னக் குடம் எழும்பியது. குடம் முடிந்ததும் பின்பக்கத்தை வாய்க்குள் விட்டுக் கொஞ்ச நேரம் அசையாமல் இருந்தது. உள்ளே கூரையிலிருந்து ஒரு நூலிழையில் ஒற்றை முட்டையைத் தொங்கவிடும் நேரம் அது. அப்புறம் பச்சைப் புழுக்களாகத் தூக்கி வந்து திணித்தது. அந்தப் புழுக்கள் சாகவில்லை; கொட்டு வாங்கி அசைவற்றுக் கிடக்கின்றன. குஞ்சு பொரிந்து வரும்வரை கெடாமல் இருக்க வேண்டிய கட்டுச்சோறு அது. கடைசியில் வாயை மண்ணால் பூசி அடைத்துவிட்டுப் பறந்து போனது.

கொட்டக் கொட்டப் புழுவும் குளவியாகும் என்று நம் பெரியவர்கள் சொன்னது இதைப் பார்த்துத்தான். உள்ளே புழு போகிறது, வெளியே குளவி வருகிறது. நடுவில் நடந்தது தெரியாவிட்டால் வேறு என்ன நினைப்பது? உண்மையில் புழு குளவியாவதில்லை, குளவிக்குஞ்சின் சாப்பாடாகிறது.

இந்தக் கதையில் கவனிக்க வேண்டியது அந்தத் தாய். வீடு கட்டினாள், சோறு வைத்தாள், பூட்டினாள், போனாள். பிள்ளையின் முகத்தை அவள் பார்க்கப்போவதில்லை. பிள்ளைக்கும் அம்மா என்று ஒருத்தி இருந்தது தெரியாது. பூச்சி உலகத்தில் இதுதான் பொது வழக்கம். உலகில் தெரிந்த தேனீ இனங்கள் சுமார் 20,000. தேனீ என்றதும் நமக்குக் கூட்டமும் ராணியும் ஞாபகம் வந்தாலும், அவற்றில் பெரும்பாலானவை இப்படி ஒண்டியாக வாழ்பவைதான். மூங்கிலிலும் உத்தரத்திலும் வட்டமாகத் துளை போடும் கருவண்டும் உண்மையில் ஒரு தேனீதான்.

அப்படியானால் ஒண்டிக்கட்டையாக இருந்த இந்தத் தாயிடமிருந்து, பல்லாயிரம் பேர் ஒரே கூரையின் கீழ் வாழும் தேன்கூடு எப்படி வந்தது? இந்தக் கட்டுரை அதைப் பற்றித்தான்.

மூன்று அடையாளங்கள்

நூறு ஈக்கள் ஒரு பலாச்சுளையை மொய்த்தால் அது கூட்டம், சமூகம் அல்ல. சமூகம் என்று சொல்ல ஆய்வாளர்கள் மூன்று அடையாளம் பார்க்கிறார்கள். பெற்றவள் மட்டுமல்லாமல் மற்றவர்களும் சேர்ந்து குஞ்சுகளை வளர்க்க வேண்டும். தாயும் வளர்ந்த மகள்களும், அதாவது இரண்டு தலைமுறை, ஒரே வீட்டில் இருக்க வேண்டும். மூன்றாவதுதான் விசித்திரமானது: முட்டையிடும் வேலை ஒருத்திக்கோ சிலருக்கோ மட்டும், மற்றவர்கள் பிள்ளை பெறாமலே உழைப்பவர்கள். இந்த மூன்றும் சேர்ந்த வாழ்க்கைக்கு ஆங்கிலத்தில் 'யூசோஷியல்' என்று பெயர். தமிழில் முழுச்சமூக வாழ்வு என்று வைத்துக்கொள்ளலாம். அந்தச் சொல்லை 1966-ல் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் சூசன் பாத்ரா. இந்தியாவில் மண்ணில் வளை தோண்டும் சிறு தேனீக்களை ஆராய்ந்தபோது அவருக்கு அந்தச் சொல் தேவைப்பட்டது.

எறும்புகள், கரையான்கள், தேனீக்களிலும் குளவிகளிலும் சில குடும்பங்கள் இந்த வகை. அசுவினிப் பூச்சிகளில் சில, ஆஸ்திரேலிய மரங்களைத் துளைக்கும் ஒரு வண்டு, கடற்பஞ்சுக்குள் குடியிருக்கும் ஒரு வகை இறால், ஆப்பிரிக்காவின் மொட்டைத் துன்னெலி என்று எதிர்பாராத உறுப்பினர்களும் உண்டு. ஒன்றுக்கொன்று உறவே இல்லாத இத்தனை கிளைகளில் இது தனித்தனியாகத் தோன்றியிருக்கிறது.

'ராணி' என்ற சொல்லைப் பற்றி இங்கேயே ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். கூட்டின் நடுவில் பெரிதாக இருந்த தேனீயை அரிஸ்டாட்டில் ராஜா என்று நினைத்தார். பதினேழாம் நூற்றாண்டில் டச்சுக்காரர் ஸ்வாமர்டாம் நுண்ணோக்கியில் அறுத்துப் பார்த்துச் சூலகத்தைக் கண்டபின் ராஜா ராணியானார். அப்போதே 'அம்மா' என்று பெயர் வைத்திருந்தால் எவ்வளவோ குழப்பம் மிச்சமாகியிருக்கும். ராணி என்றதும் அவள் ஆணையிடுகிறாள், மற்றவர்கள் பணிகிறார்கள் என்று மனம் தானாகவே கதை கட்டிவிடுகிறது. தேன்கூட்டில் அப்படி எதுவும் நடப்பதில்லை.

மகள் வீட்டிலேயே தங்கிவிட்டால்

ஒண்டி வாழ்விலிருந்து சமூக வாழ்வுக்கு ஒரே தாவலில் வரவில்லை. நடுப்படிகளில் நிற்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் மண்வளையில் வாழும் ஒரு வியர்வைத் தேனீ இனம் உண்டு. குளிர்ப் பகுதியில் கோடை குறுகியது. தாய் ஒரே ஒரு ஈடு குஞ்சு வளர்க்கத்தான் நேரம் இருக்கும். அங்கே அது ஒண்டியாக வாழ்கிறது. அதே இனம் வெப்பமான தெற்குப் பகுதியில் இரண்டு ஈடு வளர்க்கிறது. முதல் ஈட்டில் பிறந்த மகள்கள் வீட்டிலேயே தங்கி இரண்டாம் ஈட்டுத் தம்பி தங்கைகளை வளர்க்கிறார்கள். வடக்கிலிருந்து தெற்குக்கு மாற்றி வைத்துப் பார்த்தபோது ஒண்டியாக இருந்தவர்களின் வளைகளிலும் மகள்கள் வேலைக்கு இறங்கினார்கள். தாய் சாவதற்குள் மகள் வளர்ந்துவிட்டால், அந்த மகள் வெளியே போகாமல் நின்றுவிட்டால், அதோடு சமூகத்தின் முதல் செங்கல் வைத்தாகிவிட்டது.

அடுத்த படியைப் பார்க்க வெளிநாடு போக வேண்டாம். தென்னிந்தியக் கட்டடங்களின் சன்ஷேடுக்கு அடியில், காகிதம்போல் சாம்பல் நிறத்தில் அறை அறையாகத் தொங்கும் குளவிக்கூட்டைப் பார்த்திருப்பீர்கள். அப்படிக் கூடு கட்டும் ரொப்பாலிடியா மார்ஜினேட்டா என்ற குளவியைப் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் ராகவேந்திர கடக்கர் பல பத்தாண்டுகள் ஆராய்ந்தார். இந்தக் குளவியில் ராணிக்கும் வேலைக்காரிக்கும் உடம்பில் வித்தியாசமே தெரியாது. ஒவ்வொன்றின் முதுகிலும் வண்ணப் புள்ளி வைத்து, மணிக்கணக்கில் உட்கார்ந்து குறிப்பெடுத்தால்தான் யார் யார் என்று புரியும்.

புரிந்தபோது கிடைத்தது ஓர் ஆச்சரியம். ராணி யாரையும் அதட்டுவதில்லை, கடிப்பதில்லை. கூட்டிலேயே சாதுவான குளவிகளில் அவளும் ஒருத்தி. ஆனால் அவளை எடுத்துவிட்டால் சில நிமிடங்களில் வேலைக்காரிகளில் ஒருத்தி சாமி வந்ததுபோல் மற்றவர்களை விரட்டிக் கடிக்க ஆரம்பிக்கிறாள். ஒரே ஒருத்திதான், போட்டி இல்லை, சண்டை இல்லை. ராணியைத் திருப்பி வைத்தால் அவள் அடங்கிப் பழைய வேலைக்குப் போய்விடுவாள். வைக்காவிட்டால் சில நாளில் முட்டையிடத் தொடங்கி, அவளும் சாதுவாகிவிடுவாள். அடுத்த வாரிசு யார் என்று முன்கூட்டி ஊகிக்க ஆய்வாளர்கள் எவ்வளவோ முயன்றார்கள், முடியவில்லை. ஆனால் குளவிகளுக்குத் தெரிந்திருக்கிறது என்பதைச் சோதனையில் காட்டினார்கள். ராணி இருக்கிறாள் என்ற செய்தியை அவள் கூட்டில் தேய்த்துவிட்டுப் போகும் ஒரு வாசனைப் பொருள் சொல்கிறது. இங்கே எந்த வேலைக்காரியும் ஒருநாள் ராணியாகலாம். அதனால்தான் இது நடுப்படி.

தேனீயிடம் அந்தக் கதவு ஏறக்குறைய மூடிவிட்டது. யார் ராணி, யார் வேலைக்காரி என்பது புழுப் பருவத்திலேயே முடிவாகிவிடும், அதுவும் சாப்பாட்டால். இத்தாலியத் தேனீயில் எல்லாப் புழுக்களுக்கும் முதல் மூன்று நாள் செவிலித் தேனீக்கள் தங்கள் தலையிலுள்ள சுரப்பியிலிருந்து ஊறும் பால்போன்ற கூழை ஊட்டுகின்றன. அப்புறம் சாதாரணப் புழுக்களுக்குத் தேனும் மகரந்தமும் கலந்த சாப்பாடு. நிலக்கடலை போலத் தலைகீழாகத் தொங்கும் பெரிய அறையிலுள்ள புழுவுக்கு மட்டும் கடைசிவரை அந்தக் கூழ்தான், அதுவும் மிதக்கிற அளவுக்கு. பரம்பரைச் சொத்தான மரபணுக்கள் இரண்டு பேருக்கும் ஒன்றேதான். ஒருத்தி 21 நாளில் வேலைக்காரியாக வெளிவந்து, பூக்காலத்தில் ஆறு வாரம் உழைத்துச் சாகிறாள். இன்னொருத்தி 16 நாளில் ராணியாக வந்து சில ஆண்டுகள் வாழ்கிறாள். நல்ல பருவத்தில் ஒரு நாளைக்கு ஆயிரத்துக்கு மேல் முட்டையிடுகிறாள்.

ஏன் தங்க வேண்டும்?

டார்வினுக்கு இது பெரிய தலைவலி. அதிகப் பிள்ளைகளை விட்டுச்செல்லும் குணம்தான் நிலைக்கும் என்பது அவர் 1859-ல் வெளியிட்ட கொள்கை. பிள்ளையே பெறாத வேலைக்காரியின் குணம் எப்படி நிலைக்கும்? முதலில் தீர்க்கவே முடியாததாக, தன் கொள்கையையே கவிழ்த்துவிடக்கூடியதாகத் தோன்றிய சிக்கல் என்று அவரே எழுதினார். தேர்வு தனி ஆளுக்கு மட்டுமல்ல, குடும்பத்துக்கும் பொருந்தும் என்று பதிலின் திசையையும் அவரே காட்டினார். அதைக் கணக்காகப் போட்டவர் ஆங்கிலேய உயிரியலாளர் பில் ஹாமில்டன், 1964-ல்.

ஹாமில்டனின் கணக்கு நம் வீட்டுக் கணக்குதான். என் மரபணுவில் பாதி என் பிள்ளையிடம் இருக்கிறது. சராசரியாகப் பாதி என் கூடப்பிறந்தவர்களிடமும் இருக்கிறது. ஆகவே என் மரபணு அடுத்த தலைமுறைக்குப் போக இரண்டு வழி: நானே பெறுவது, அல்லது என் தாய் மேலும் பெற உதவுவது. உதவியால் கூடுதலாகப் பிழைக்கும் உறவுகளின் எண்ணிக்கையை உறவின் நெருக்கத்தால் பெருக்குங்கள். அது நான் இழந்ததைவிட அதிகம் என்றால், உதவும் குணம் தலைமுறை தாண்டி நிற்கும்.

இதில் எறும்பு, தேனீ, குளவிக்கு ஒரு தனிச் சங்கதி உண்டு. போலந்துப் பாதிரியார் ஒருவர், யான் ஜியர்ஸோன், தேனீ வளர்த்தவர், 1845-ல் சொன்னார்: ஆண் தேனீ கருவுறாத முட்டையிலிருந்து பிறக்கிறது. அதாவது ஆண் தேனீக்கு அப்பா கிடையாது. ஆனால் தாய்வழித் தாத்தா உண்டு. அதன் உடம்பில் மரபணுத் தொகுதி ஒன்றுதான். ஆகவே அது எல்லா மகள்களுக்கும் ஒரே சொத்தை அப்படியே முழுசாகக் கொடுக்கிறது. அப்பா ஒருவரே என்றால் அக்கா தங்கைகளுக்குள் ஒற்றுமை பாதி அல்ல, முக்கால். சொந்த மகளிடம் பாதி, தங்கையிடம் முக்கால்! மகளைப் பெறுவதைவிடத் தங்கையை வளர்ப்பது லாபம்.

இந்த முக்கால் கணக்கு அழகானது. அதனாலேயே பல பாடப்புத்தகங்கள் இங்கேயே நின்றுவிடுகின்றன. எனக்கும் கல்லூரியில் இவ்வளவுதான் சொன்னார்கள். ஆனால் இதில் மூன்று ஓட்டைகள் இருக்கின்றன. தங்கையிடம் முக்கால் என்றால் தம்பியிடம் கால்தான். இருவரையும் சமமாக வளர்த்தால் சராசரி மறுபடி பாதிக்கே வந்துவிடும். இரண்டாவது, ராணித் தேனீ ஒரே ஆணுடன் சேர்வதில்லை. இத்தாலியத் தேனீயின் ராணி பத்து, பதினைந்து ஆண்களுடன் வானத்தில் சேர்ந்துவிட்டுத்தான் கூட்டுக்குள் வருகிறாள். அப்பா வேறு வேறு என்றால் சகோதரிகள் சராசரி ஒற்றுமை காலைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவே. மூன்றாவது, கரையானில் ஆணும் பெண்ணும் நம்மைப்போல இருவர் மரபணுவோடு பிறக்கிறார்கள். அங்கே முக்கால் என்ற பேச்சே இல்லை. இருந்தும் கரையான் கட்டிய சாம்ராஜ்யம் எறும்புக்குச் சளைத்ததல்ல.

அப்படியானால் எது காரணம்? 2008-ல் 200-க்கும் மேற்பட்ட தேனீ, எறும்பு, குளவி இனங்களின் குடும்ப மரத்தை வைத்து வில்லியம் ஹியூஸும் கூட்டாளிகளும் பார்த்தார்கள். சமூக வாழ்வு தோன்றிய ஒவ்வொரு கிளையிலும் அதன் அடிவேரில் இருந்த தாய் ஒரே ஆணுடன் சேர்ந்தவள் என்று தெரிந்தது. பல ஆண்களுடன் சேர்வது பிற்பாடு வந்த பழக்கம், வேலைக்காரிகள் திரும்பிப் போக வழியில்லாத நிலையை அடைந்த பிறகு. அதாவது தொடக்கத்தில் தேவைப்பட்டது முக்கால் அல்ல, பாதியே போதும். தங்கையும் மகளும் சமமான சொந்தம் என்றால், தராசு நேராக நிற்கிறது. அதன் ஒரு தட்டில் சின்னக் கல் விழுந்தாலும் சாய்ந்துவிடும்.

அந்தக் கல் என்ன என்பதற்குக் கடக்கர் தன் குளவிகளை வைத்து 1990-ல் ஒரு பதில் சொன்னார். எனக்கு மிகவும் பிடித்த விளக்கம் இதுதான். தனியே கூடு கட்டும் தாய் குஞ்சுகள் வளர்வதற்குள் ஒரு பறவையிடம் மாட்டினால் அவள் உழைப்பு மொத்தமும் பூஜ்யம். எல்லாக் குஞ்சும் பட்டினியில் சாகும். கூட்டுக் குடும்பத்தில் இருப்பவள் பாதியில் செத்தாலும், அதுவரை அவள் ஊட்டிய குஞ்சுகளை மற்றவர்கள் எடுத்து வளர்த்துவிடுவார்கள். செய்த வேலை வீண்போகாது. சுவிட்ச் போர்டு குளவியை நினைத்துக்கொள்ளுங்கள்: மூன்றாவது புழுவோடு திரும்பும் வழியில் ஒரு கரிச்சான் குருவி கவ்வியிருந்தால் அந்தக் குடம் வெறும் மண்.

ஆள் இல்லாமல் நடக்கும் ஆட்சி

சரி, குடும்பம் பெருகிவிட்டது. இருபதாயிரம் பேருக்கு யார் வேலை பிரித்துக் கொடுப்பது?

பெரும்பகுதியை வயது பிரித்துக்கொடுக்கிறது. அறையைக் கடித்துத் திறந்துகொண்டு வெளியே வரும் இளம் தேனீ முதல் சில நாள் அறைகளைச் சுத்தம் செய்கிறது. அப்புறம் தலைச் சுரப்பி வளர, குஞ்சுக்கு ஊட்டும் செவிலி. பிறகு வயிற்றடியில் மெழுகு சுரக்க, அடை கட்டும் கொத்தனார். கொஞ்ச நாள் வாசலில் காவல். மூன்று வாரம் ஆகும்போது வெளிவேலை. ஆபத்தான வேலை கடைசியில் வருகிறது. சாவு நெருங்கியவள்தான் வெயிலுக்குப் போகிறாள். இது கறாரான அட்டவணை இல்லை. செவிலிகளை எடுத்துவிட்டால் வெளிவேலைக்காரிகளில் சிலர் திரும்பவும் சுரப்பி வளர்ந்து ஊட்ட வருகிறார்கள். கிழவிகளை எடுத்துவிட்டால் சின்னவர்கள் முன்கூட்டியே பூவுக்குப் போகிறார்கள்.

உத்தரவு இல்லாமல் இது எப்படி நடக்கிறது என்பதற்குத் தேன் இறக்கும் இடத்தைப் பார்க்கலாம். பூவிலிருந்து வந்தவள் தேனை அறையில் தானே ஊற்றுவதில்லை. வாசலுக்குப் பக்கத்தில் நின்று, வாங்கி வைக்கும் இளையவள் ஒருத்தியைத் தேடுகிறாள். அவள் நாக்கை நீட்ட, இவள் கக்கிக் கொடுக்கிறாள். வந்தவுடன் வாங்க ஆள் கிடைத்தால் உள்ளே கைகள் சும்மா இருக்கின்றன என்று பொருள்; இவள் நல்ல பூவின் திசையை ஆடிக் காட்டி இன்னும் பலரை வெளியே அனுப்புகிறாள். ஆள் கிடைக்காமல் அலைய வேண்டியிருந்தால் வரத்து அதிகம், வாங்க ஆள் குறைவு. அப்போது அவள் கைகால் உதறலெடுத்தவள்போல் நடுங்கி நடுங்கிக் கூட்டுக்குள் நடக்கிறாள். அந்த நடுக்கத்தைக் கண்டு மேலும் பலர் வாங்கும் வேலைக்கு வருகிறார்கள். கூட்டில் எவ்வளவு தேன் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. தனக்குக் காத்திருக்க நேர்ந்ததா என்பது மட்டும் ஒவ்வொருத்திக்கும் தெரியும். அது போதும். நியூயார்க் மாநிலத்தின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் டாம் சீலி இதைப் பொறுமையாக அவிழ்த்துக் காட்டினார்.

ஆட்டத்தைப் பற்றிச் சொல்லாமல் தேனீயைப் பற்றி எழுத முடியாது. கார்ல் ஃபான் ஃபிரிஷ் அதைப் படித்துச் சொன்னதற்குத்தான் 1973-ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். இருட்டில், செங்குத்தான அடையின் மேல், தேனீ பின்பக்கத்தை ஆட்டிக்கொண்டே நேர்கோட்டில் ஓடும். மேல்நோக்கி ஓடினால் சூரியன் இருக்கும் திசை. செங்குத்திலிருந்து வலப்பக்கம் 40 பாகை சாய்ந்து ஓடினால் சூரியனுக்கு வலப்பக்கம் 40 பாகை. ஆட்டி ஓடும் நேரம் தூரம். இத்தாலியத் தேனீயில் ஏறக்குறைய ஒரு நொடிக்கு ஒரு கிலோமீட்டர். இது எப்படித் தோன்றியிருக்கும் என்று பார்க்க ஃபிரிஷின் மாணவர் மார்ட்டின் லிண்டாவர் 1950-களில் இலங்கைக்கு வந்தார். காரணம், நம் பக்கம்தான் மற்ற தேனீ இனங்கள் இருக்கின்றன. கொம்புத்தேனீ ஒரு சிறு கிளையைச் சுற்றி ஒற்றை அடை கட்டும். அடையின் உச்சி கிளைக்கு மேல் மேடைபோல் தட்டையாக இருக்கும். அந்த மேடையில், வெட்டவெளியில், பூ இருக்கும் திசையை நேராகவே நோக்கி அது ஓடுகிறது; கையை நீட்டி "அதோ" என்று சொல்வதுபோல. பொந்துக்குள் வாழும் அடுக்குத்தேனீ அதே 'அதோ'வை இருட்டில் மேல், கீழ் என்று மொழிபெயர்க்கக் கற்றிருக்கிறது. கொம்புத்தேனீயின் ஆட்டம் பழைய வடிவமாக இருக்கலாம் என்று லிண்டாவர் கருதினார்.

அதே லிண்டாவர் இன்னொன்றையும் கவனித்தார். கூடு நிறைந்ததும் தாயும் பாதிக்கு மேற்பட்ட மகள்களும் வெளியேறி ஒரு கிளையில் கொத்தாகத் தொங்குவார்கள். பழைய வீடு புதிய ராணிக்கு. அந்தக் கொத்தின் மேல் ஆடிய தேனீக்களில் சில புகைக்கரி படிந்தும், சில செங்கல் தூசி பூசியும் இருந்தன. அவை பூவுக்குப் போய் வந்தவை அல்ல, வீடு பார்த்துவிட்டு வந்தவை என்று அவருக்குப் பிடிபட்டது. சில நூறு கிழவிகள் வீடு தேடிப் போகிறார்கள். பார்த்த பொந்து பிடித்துப்போனவள் அதிக முறை ஆடுவாள், சுமாரானது என்றால் கொஞ்சம்தான். வேறு பொந்துக்காரிகள் ஆடுபவளைத் தலையால் முட்டி நிறுத்தச் சொல்வார்கள். ஏதோ ஒரு பொந்தில் ஒரே நேரத்தில் இருபது, முப்பது பேர் கூடிவிட்டால் பேச்சு முடிந்தது. திரும்பிவந்து எல்லோரையும் சிறகுத் தசையைச் சூடாக்கச் சொல்லிக் கிளப்புகிறார்கள். ராணி இந்தப் பேச்சில் இல்லவே இல்லை. அவள் கொத்துக்குள் எங்கோ தொங்கிக்கொண்டிருக்கிறாள்.

வீட்டுக்குள் எல்லாம் சமாதானம் என்று நினைக்க வேண்டாம். வேலைக்காரிக்கும் சூலகம் உண்டு. கூடல் இல்லாததால் அவள் இடும் முட்டையில் ஆண்தான் பிறக்கும். ஆனாலும் அது சொந்தப் பிள்ளை. இருந்தும் ஒரு கூட்டில் பிறக்கும் ஆண்களில் ஆயிரத்தில் ஒன்றுதான் வேலைக்காரியின் பிள்ளை. மற்ற வேலைக்காரிகள் தேடிப்பிடித்து அந்த முட்டைகளைத் தின்றுவிடுகிறார்கள் என்று ஃபிரான்சிஸ் ரட்னீக்ஸும் கர்க் விஷரும் 1989-ல் காட்டினார்கள். இதற்கும் அதே ஹாமில்டன் கணக்குதான். அப்பா வேறான சகோதரியின் மகனைவிட அம்மாவின் மகன், அதாவது தம்பி, நெருங்கிய சொந்தம். பெட்டியில் தேனீ வளர்ப்பவர்களுக்கு இதன் மறுபக்கம் நன்றாகத் தெரியும். ராணி செத்து, புதிய ராணியும் அமையாமல் போன பெட்டியைத் திறந்தால் ஓர் அறையில் ஒரு முட்டை என்ற ஒழுங்கு போயிருக்கும். இரண்டு, மூன்று, ஐந்து என்று கோணல்மாணலாக ஒட்டியிருக்கும். ராணியின் வாசனை போனதும் காவலும் போயிற்று, எல்லோரும் இட ஆரம்பித்துவிட்டார்கள். பிறப்பதெல்லாம் ஆண். ஆண் தேனீ பூவுக்குப் போவதில்லை. அந்தப் பெட்டி சில வாரங்களில் காலியாகிவிடும்.

எறும்பும் ஈசலும்

எறும்பில் ஒண்டி வாழ்வே கிடையாது. பத்துக் கோடி ஆண்டுக்கு முன்னரே குளவி வம்சத்திலிருந்து பிரிந்து மண்ணில் இறங்கிய இந்தக் கூட்டத்தில் பெயரிடப்பட்ட இனங்கள் சுமார் 14,000. எல்லாவற்றையும் சொல்லப் புகுந்தால் வேறு கட்டுரை ஆகிவிடும். மாமரத்தில் கடி வாங்கியவர்களுக்காக முசுறை மட்டும் சொல்கிறேன். இலைகளைச் சேர்த்துத் தைத்த அந்தப் பச்சைப் பந்துக்கு நூல் எங்கிருந்து வருகிறது? ஒரு வரிசை எறும்புகள் ஒன்றின் இடுப்பை ஒன்று கவ்விச் சங்கிலியாகி இரண்டு இலை விளிம்புகளை இழுத்துப் பிடிக்கும். இன்னொன்று உள்ளிருந்து ஒரு புழுவை, அதாவது தங்கள் குட்டித் தங்கையை, வாயில் கவ்விவந்து இந்த விளிம்புக்கும் அந்த விளிம்புக்கும் மாறி மாறித் தொட்டுக் காட்டும், தறியில் நாடா ஓடுவதுபோல. தொட்ட இடத்திலெல்லாம் புழுவின் வாயிலிருந்து பட்டிழை ஒட்டும். மற்ற பல எறும்புப் புழுக்கள் தமக்குக் கூட்டுப்புழு உறை பின்ன வைத்திருக்கும் பட்டு அது. முசுறுப் புழு தன் பட்டையெல்லாம் வீட்டுக்குக் கொடுத்துவிட்டு, உறையில்லாமலே கூட்டுப்புழுவாகிறது.

கரையானை வெள்ளை எறும்பு என்று சொல்வது சொந்தத்தை மாற்றிச் சொல்வது. அது கரப்பான் பூச்சியின் வம்சம். மரம் தின்னும் பழைய வகைக் கரையான்களின் குடலில் மரத்தைச் செரிக்க உதவும் நுண்ணுயிர்கள் இருக்கின்றன. ஒவ்வொரு முறை தோலுரிக்கும்போதும் அவை போய்விடும். வீட்டிலுள்ள இன்னொருவரின் பின்பக்கத்திலிருந்து வாங்கித் தின்றால்தான் மறுபடி கிடைக்கும். குடும்பத்தை விட்டுப் போனால் சோறு செரிக்காது. சேர்ந்து வாழ இதைவிடக் கட்டாயம் வேறு வேண்டுமா? நம் ஊர்ப் புற்றுக் கரையான்களோ அந்த நுண்ணுயிர்களுக்குப் பதில் புற்றுக்குள் காளான் தோட்டம் போடுகின்றன. மழைக்குப் பின் புற்றிலிருந்து எழும் புற்றுக்காளான் அந்தத் தோட்டத்தின் பூ.

கரையான் குடும்பத்தில் தந்தையும் உண்டு. தேனீயில் ஆண் கூடிய கணமே சாகிறான். எறும்பில் அதிக நாள் தாங்குவதில்லை. கரையான் ராஜா மட்டும் ராணியோடு அதே அறையில் ஆண்டுக்கணக்கில் குடியிருக்கிறான். வேலைக்காரர்களிலும் ஆண், பெண் இரண்டும் உண்டு.

அவர்கள் குடித்தனம் தொடங்குவதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். முதல் மழை விட்ட மாலையில் ட்யூப்லைட்டைச் சுற்றிப் பறக்கும் ஈசல்களில் நம் கண்ணில் படுவது பல்லியின் வாயில் போவதும் காலையில் பெருக்கித் தள்ளும் இறக்கைக் குவியலும்தான். கொஞ்சம் குனிந்து தரையைப் பார்த்தால், இறக்கையை உதிர்த்துவிட்ட இரண்டு ஈசல்கள் சுவரோரமாகப் போய்க்கொண்டிருக்கும். முன்னால் போவது பெண். அவள் முதுகுக்குப் பின்னால் உரசுகிற தூரத்தில், அவள் திரும்பும் இடத்திலெல்லாம் திரும்பி, ஆண். ஈர மண்ணில் ஒரு விரிசல் கிடைக்கும்வரை அப்படியே நடக்கும்.